ஆறாவது பெட்டியின் முத்திரை

அன்று காலை கடையின் பின்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கடைக்கு உரியவரான பெரியவர். அவருடைய ஒரே மகள். மகளின் கணவர், கடையில் எல்லோருக்கும் மாப்பிள்ளை. புகாரோடு வந்திருந்த தோட்டத்தம்மா. ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் திறந்தவெளி உணவகம் நடத்துவதால் அந்தப் பெயர். அவரிடம் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். ஆளின் உயரத்தைப் பார்த்து யாரோ கம்பம் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஆறாவதாக, ஸ்பீக்கர் செய்யும் கம்பெனி அனுப்பியிருந்த பரிசோதகர். வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் சாத்திய கதவைத்தான் பார்த்தார்கள்.

நீள மேசையின் மேல் ஆறு ஸ்பீக்கர்கள் வரிசையாக இருந்தன. மழையும் வெயிலும் தாங்கும்படி செய்த சாம்பல் நிறப் பெட்டிகள். ஐந்தின் பின்மூடிகள் கழற்றப்பட்டிருந்தன. உள்ளே கருகிய செம்புச் சுருளின் வாடை மூன்று வாரமாகியும் போகவில்லை. ஆறாவது பெட்டி மட்டும் மூடியபடி இருந்தது. அதன் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே வட்டமான வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தாளில் அச்சடித்த பெயருக்கு மேல் பச்சை மையில் பெரியவரின் கையெழுத்து, கீழே தேதி.

அந்தத் தாளை நம்பித்தான் அந்தக் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் பெரியவர் காதால் கேட்காத ஒரு ஸ்பீக்கர் அந்தப் படியிறங்கிப் போனதில்லை. பெட்டியைத் திறப்பார், மேசைமேல் இருக்கும் சோதனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், மூடுவார், முத்திரையை ஒட்டுவார். கம்பெனி ஒரு வருடம் உத்தரவாதம் கொடுத்தால் இவர் தன் பெயரில் இன்னொரு வருடம் சேர்த்துக் கொடுப்பார். ஒரே நிபந்தனை, முத்திரை கிழியக் கூடாது. கிழித்தவரோடு அவருக்குப் பேச்சே கிடையாது. வாடிக்கையாளர்கள் மட்டுமில்லை, கடை ஆட்களும் அதைத் தொட மாட்டார்கள். பொருத்தப் போகும் இடத்தில்கூட மாப்பிள்ளை மூடியைத் திறப்பதில்லை. வெளியே விட்டிருக்கும் இரண்டு வயரை இணைத்துவிட்டு இறங்கிவிடுவார். மாமனார் கேட்டு, மூடி, கையெழுத்துப் போட்ட பெட்டியை மறுபடி திறந்து பார்ப்பது அந்த வீட்டில் மரியாதையான காரியம் ஆகாது.

நடந்தது இதுதான். தோட்டத்தம்மா தன் உணவகத்துக்கு ஆறு ஸ்பீக்கர் வாங்கினார். மாப்பிள்ளை போய்ப் பொருத்தினார். திறப்பு நாள் மாலை, விருந்தாளிகள் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்குள் பாட்டு கரகரத்தது. ஆம்ப்ளிஃபயர் இரண்டு தடவை தானாக அணைந்தது. மூன்றாவது தடவை போட்டபோது ஸ்பீக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மறுநாள் கம்பம் ஏணி வைத்து ஏறி, தண்ணீர் புகுந்துவிட்டதோ என்று ஐந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார். ஐந்து முத்திரைகளும் கிழிந்தன.

பெட்டிக்குள் ஒரு திருகு சுவிட்ச் உண்டு. பக்கத்தில் வைத்துக் கேட்பதற்கு 'எட்டு' என்று ஒரு நிலை. தோட்டம் மாதிரி நூறு இருநூறு அடி வயர் இழுக்கும் இடத்துக்கு 'லைன்' என்று ஒரு நிலை. நீள வயரில் அதிக வோல்ட் வரும். எட்டில் நிற்கும் பெட்டிக்குள் அது பாய்ந்தால் சுருள் தாங்காது. கம்பம் திறந்த ஐந்திலும் சுவிட்ச் எட்டில் இருந்தது.

பெரியவர் அதைக் கேட்டதும் முடிவுக்கு வந்துவிட்டார். சத்தம் போதவில்லை என்று கம்பம்தான் திறப்பு நாளன்றே மூடியைக் கழற்றி, சுவிட்சைத் திருப்பி, பெட்டிகளைக் கெடுத்துவிட்டுத் தண்ணீர்க் கதை சொல்கிறார் என்று ஒரு கடிதம் எழுதினார். ஒரு பிரதியைக் கம்பெனிக்கு அனுப்பினார். இன்னொன்றை எலக்ட்ரீஷியன்கள் சங்கத்துக்கும் அனுப்பினார். சங்கத்தின் சுவரில் அது ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு, அவர் வழக்கமாக வேலைக்குப் போகும் வேறு இரண்டு இடங்களில் கம்பத்தை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆறாவது பெட்டி தண்ணீர்த்தொட்டிக் கோபுரத்தின் உச்சியில் இருந்ததால் அப்போது யாரும் அதைத் தொடவில்லை. பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்ததும் நீள ஏணி வாடகைக்கு எடுத்து அதை இறக்கினார்கள். முத்திரை முழுதாக இருந்தது. அதைத் திறந்தால் தெரிந்துவிடும். லைனில் இருந்தால் கம்பம் பொய்யர். எட்டில் இருந்தால் தவறு கடையுடையது.

"உக்காருங்கம்மா" என்றார் பெரியவர்.

"உக்கார வரலைங்க. மூணு வாரமா உக்காந்துதான் இருக்கேன். பாட்டு இல்லாத தோட்டத்துல காக்கா கத்துறதைக் கேட்டுக்கிட்டு ஜனங்க சாப்பிடறாங்க. ஒருத்தர் கேக்கறாரு, காக்காவுக்குத் தனியா பில்லு போடுவீங்களான்னு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. மாமனாரைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அந்த ஒண்ணை மட்டும் ஏன் முன்னாடியே இறக்கல?" என்று பரிசோதகர் கேட்டார். மெலிந்த மனிதர். பேனாவையும் திருப்புளியையும் ஒரே சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"எங்ககிட்ட இருந்த ஏணி எட்டல சார்" என்றார் கம்பம்.

"கம்பத்துக்கே எட்டலைன்னா பாத்துக்கங்க" என்றார் தோட்டத்தம்மா.

பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிக்குச் சாய்வு உண்டு, அவருக்கு அது தேவைப்பட்டதில்லை. கம்பத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. முத்திரையைக் கிழித்த கை அந்த ஆளின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு எரிந்தது.

"பேசிக்கிட்டிருக்க வேணாம். திறங்க" என்றார் பரிசோதகரிடம். "திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் பெட்டியில சுவிட்ச் எட்டுல இருந்தா, எந்தக் கை அதை அப்படி விட்டுச்சோ அந்தக் கை இனிமே இந்த மேசையில வேலை செய்யாது."

"எழுதித் தருவீங்களா?" என்றார் தோட்டத்தம்மா.

"நான் வாயால சொன்னா எழுதின மாதிரி."

மகள் அலமாரியை ஒட்டி நின்றிருந்தாள். "அப்பா, அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்றாள்.

"எதுக்குன்னா? மடியில கனம் இருக்கிறவங்கதான் யோசிக்கணும்."

அவள் கணவரைப் பார்த்தாள். கடையில் பொருத்துகிற கை ஒன்றுதான் உண்டு. கடைக்குள் தவறு என்று ஆனால் அது யார் தலையில் விழும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பெரியவருக்கும் தெரிந்துதான் சொன்னார். தன் முத்திரைக்கு அப்பால் ஏதாவது நடந்திருந்தால் அது மாப்பிள்ளையோ கம்பமோ செய்ததாகத்தான் இருக்க வேண்டும், மாப்பிள்ளை திறக்க மாட்டார், ஆகவே கம்பம். அவர் மனதில் கணக்கு நேராக இருந்தது. உறவு பார்க்காமல் பேசுகிறவர் என்ற பெயரும் வேண்டியிருந்தது.

பரிசோதகர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. கோப்பைத் திறந்து மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"பொருத்தறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து சுவிட்சைப் பாக்கணும்னு எங்க கையேட்டுல இருக்கு. பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

பெரியவரே பதில் சொன்னார். "என் முத்திரை இருந்தா அதுக்கு மேல பாக்க ஒண்ணும் இல்ல. அது இங்க வழக்கம்."

"சரி. திறப்பு நாள் அன்னிக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். காலையில. வால்யூமை ரொம்பக் கொறச்சு வெச்சு, ஒரு நிமிஷம்தான். அப்பத்தான் கரண்ட்டே வந்துச்சு. பாட்டு வந்துச்சு, ஆறுலயும் வந்துச்சு. கிளம்பிட்டேன்."

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. எதிர்பாத்ததைவிடக் கூடவே. நல்ல பெட்டி போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பரிசோதகர் தலையை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

பெரியவரின் காதில் அந்த ஒரு சொல் மட்டும் தங்கியது. கூடவே. லைனில் வைத்த பெட்டி குறைந்த வால்யூமில் முணுமுணுக்கும், அவ்வளவுதான். ஒரு நிமிடம் போட்ட உடனே 'கூடவே' கேட்டது என்றால் சுவிட்ச் அப்போதே எட்டில் இருந்திருக்க வேண்டும். காலையிலேயே. கம்பம் ஏணியில் ஏறுவதற்கு முன்னால்.

அவர் அந்த நினைப்பைக் கையால் ஈ ஓட்டுவது போல ஓட்டினார். கம்பம் முதல் நாள் இரவே ஏறியிருக்கலாம். ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"சோதனைப் பதிவேடு இருக்கும்ல?" என்றார் பரிசோதகர்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் இருக்கு" என்றார் பெரியவர். இதைக் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தவர் போல மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். "கொண்டாம்மா. நேரம் முதக்கொண்டு எழுதியிருக்கேன். வேற எந்தக் கடையிலயாவது இப்படி இருக்கான்னு பாருங்க."

மகள் அலமாரியிலிருந்து நீளமான பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடித் திருப்பினாள். மேசையில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. விரல்கள் கடைசிப் பத்தியின் மேல் விரிந்தபடி நின்றன.

அந்தப் பத்தி நேரத்துக்கானது. பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மகளின் விரல்களுக்கு நடுவில் அவருடைய பச்சை எழுத்து தெரிந்தது. முதல் பெட்டி, பதினொன்று நாற்பது. இரண்டாவது, அதே நேரம். மூன்றாவதுக்கு மேற்படி என்று ஒரு கோடு. நான்கு, ஐந்து, ஆறு, எல்லாவற்றுக்கும் அதே கோடு.

முந்தின பக்கத்தில் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் நேரங்கள் படிக்கட்டு போல இறங்கின. ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம் என்பது அவருடைய அளவு. எட்டுக்குத் திருப்பு, கேள், லைனுக்குத் திருப்பு, மூடு, ஒட்டு. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. முப்பத்தொரு வருடமாக அந்த வரிசை மாறியதில்லை. மாறியது ஒரே ஒரு நாள்.

அன்று காலை மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். பணிவாகத்தான் சொன்னார். "மாமா, சின்னதா ஒரு லைன் ஆம்ப்ளிஃபயர் மேசையில வெச்சுட்டா சுவிட்சைத் தொடவே வேணாம். லைன்லயே கேட்டுடலாம். கூடவே மீட்டர்லயும் பாத்துக்கலாம். நேரமும் மிச்சம்."

"என் காதுக்கு மீட்டர் வெச்சுப் பாக்கப் போறீங்களா மாப்பிள்ளை?"

"அப்படி இல்ல மாமா..."

"நேரம்தானே பிரச்சினை? பாருங்க, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு."

ஆறு பெட்டியையும் வரிசையாக அடுக்கினார். ஆறு மூடியையும் கழற்றினார். ஆறு சுவிட்சையும் ஒரே மூச்சில் எட்டுக்குத் திருப்பினார். ஒவ்வொன்றாக வயரை மாற்றி மாற்றிக் கேட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஆறையும் மூடினார், ஆறிலும் ஒட்டினார், மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் அவருக்கு நினைவிருந்தது. நினைவில் இல்லாதது ஒன்றே ஒன்று: லைனுக்குத் திருப்பியது.

தேடித் தேடிப் பார்த்தார். விரல் அந்தத் திருகைத் தொட்ட நினைவே இல்லை.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் படித்துவிட்டாள். அவள் கை இன்னும் பத்தியை மறைத்தபடி இருந்தது. யாருக்காக மறைக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. மறைத்தால் கணவர் போவார். கையை எடுத்தால் அப்பா.

"கையை எடுங்கம்மா, குறிச்சுக்கறேன்" என்றார் பரிசோதகர்.

அவள் எடுத்தாள். அவர் தேதியையும் பெட்டி எண்களையும் குறித்தார். நேரத்தின் பத்தியைப் பார்த்தாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. திருப்புளியை எடுத்து ஆறாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நில்லுங்க" என்றார் பெரியவர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒரு கரண்டி சாப்பாட்டுக்கு ஒரு பானையைப் போட்டு உடைக்க வேணாம். இந்த அம்மாவோட தொழில் நின்னு கெடக்கு. ஆறு பெட்டியும் புதுசா நான் தர்றேன். கம்பெனி குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. இதைத் திறக்க வேணாம். இதோட விடுவோம்."

கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்தபோது அவர் குரலே அவருக்குப் பழைய நிலைக்கு வந்துவிட்டது போலிருந்தது. ஒரு வேளை இப்படியே முடிந்துவிடும். விட்டுக்கொடுத்த மனிதர் என்று நாலு பேர் சொல்வார்கள். பெட்டி மூடியபடியே குப்பைக்குப் போகும்.

தோட்டத்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு நாள் ஒரு பெட்டி தர மாட்டேன்னு நின்னீங்க. இப்ப ஆறும் சும்மா தர்றீங்க. என்னங்க, பெட்டிக்குள்ள பாம்பா இருக்கு?"

"அம்மா, மரியாதையா..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"மரியாதையாத்தான் கேக்கறேன் தம்பி. எனக்கு தானம் வேணாம். ஸ்பீக்கர் இல்லாட்டி நானே பாடிக்கறேன், காக்காவுக்குப் பரவாயில்லன்னு ஜனங்க சொல்லிக்கட்டும். இந்த ஆளைப் பத்தி சங்கத்துச் சுவத்துல ஒட்டியிருக்கே ஒரு கடுதாசி, அதுக்கு என்ன பதில்? இவருக்குப் பொண்ணு ரெண்டு. போன வாரம் பள்ளிக்கூடத்துல சின்னவளைக் கேட்டிருக்காங்க, உங்க அப்பாதான் ஸ்பீக்கரைக் கெடுத்தவரான்னு."

கம்பம் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கம்மா" என்றார். பிறகு முதல் தடவையாகப் பெரியவரிடம் நேரே பேசினார். "ஐயா, முத்திரையைக் கிழிச்சது நான்தான். அது தப்புன்னா தப்புதான், ஒத்துக்கறேன். சுவிட்சை நான் தொடல. அதைத் திறந்துடுங்க ஐயா."

திறக்க வேண்டாம் என்று மறுபடி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பரிசோதகர் பிளேடால் முத்திரையை அறுத்தார். பச்சைக் கையெழுத்து இரண்டாகப் பிரிந்தது. நான்கு திருகுகள். ஒவ்வொன்றையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். போட்ட சத்தம் நான்கு முறை கேட்டது. மூடி வந்தது. கருகிய வாடை புதிதாகக் கிளம்பியது. அவர் டார்ச்சை உள்ளே காட்டினார். காட்டிவிட்டுப் பெட்டியை மற்றவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

சுவிட்சின் முள் எட்டில் நின்றது.

தோட்டத்தம்மா வெற்றி பெற்றவர் போலப் பேசவில்லை. கம்பம் ஒரு பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

மகள் சட்டென்று திரும்பினாள்.

"பொருத்தப் போன இடத்துல நான்தான் திறந்தேன்" என்றார் மாப்பிள்ளை. சொற்கள் தடுமாறவில்லை. "ஆறையும் திறந்தேன். சரியா இருக்கான்னு பாக்கறேன்னு சுவிட்சைத் திருப்பிப் பாத்தேன். சரியான இடத்துல விடாம மூடியிருக்கேன்."

பரிசோதகர் புருவத்தை உயர்த்தினார். "முத்திரை முழுசா இருந்துச்சே."

"கிழிஞ்சுது. புது முத்திரை ஒட்டினேன்."

"கையெழுத்து?"

"மாமா தாள்ல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வெச்சிருப்பாங்க. என் பையில கொஞ்சம் இருக்கும். எடுத்து ஒட்டினேன்."

பரிசோதகர் பெரியவரைப் பார்த்தார். "அப்படிங்களா சார்? முன்கூட்டியே போட்டு வெப்பீங்களா?"

ஒரு தலையசைப்பு போதும். அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளை யோசித்துத்தான் பேசியிருக்கிறார். கயிற்றை முழுதாகத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு முனையை மட்டும் மாமனார் கையில் கொடுத்திருக்கிறார். தலையை அசைத்தால் பெரியவர் சொன்ன சொல்படி மாப்பிள்ளை மேசையை விட்டுப் போவார். நாலு மாதம் கழித்து ஏதாவது சொல்லித் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வீட்டு விஷயம் வீட்டோடு போகும். மகள் அழுவாள், பிறகு அடங்குவாள்.

ஆனால் அந்தத் தாள். வெறும் பெட்டிகளுக்காக முன்கூட்டியே கையெழுத்திட்டு யார் பையிலோ திணித்து வைத்த தாள். கேட்காத காதுக்கு, பார்க்காத பெட்டிக்கு, ஒரு கத்தை பச்சைக் கையெழுத்து. அதற்குத் தலையசைத்தால் முப்பத்தொரு வருடத்தில் ஒட்டிய ஒவ்வொரு முத்திரையும் அப்படிப்பட்டதுதான் என்று ஆகிவிடும். அவரைக் காப்பாற்ற வந்த பொய் அவர் தலைமேல் வைத்திருந்ததையே கீழே போட்டு மிதித்தது.

"இல்ல" என்றார்.

குரல் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

"மாமா..."

"நீங்க பேசாதீங்க மாப்பிள்ளை. உங்களுக்குப் பொய் சொல்ல வரல. வராததைச் செய்யக் கூடாது." பரிசோதகரிடம் திரும்பினார். "எழுதிக்கங்க. நான் முன்கூட்டியே கையெழுத்துப் போடறதில்ல. போட்டதில்ல. பெட்டியை மூடின பெறகு, மேசையில வெச்சு, அந்த எடத்துலயே போடுவேன். என் முத்திரைத் தாள் ஒண்ணுகூட இந்த மேசையை விட்டு வெளிய போனதில்ல."

"அப்படின்னா..."

"அப்படின்னா கடைசியா அந்தப் பெட்டிக்குள்ள போன கை என் கைதான்." பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, நேரத்தின் பத்தியில் விரலை வைத்தார். "பாருங்க. ஆறுக்கும் ஒரே நேரம். ஒவ்வொண்ணா முடிக்க வேண்டியதை அன்னிக்கு மொத்தமாப் பண்ணினேன். ஆறையும் எட்டுக்குத் திருப்பினேன். திரும்ப லைனுக்கு மாத்தல. அப்படியே மூடிட்டேன்."

"ஏன் சார் அப்படிப் பண்ணினீங்க? பக்கம் பூரா ஒழுங்கா இருக்கே."

பெரியவர் மாப்பிள்ளையை ஒரு கணம் பார்த்தார். "அது எங்க வீட்டுப் பேச்சு. எழுத வேண்டியதில்ல."

பரிசோதகர் அதை எழுதவில்லை. மற்றதை எழுதினார். கம்பெனி இதற்குப் பொறுப்பேற்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கேக்கலியே" என்றார் பெரியவர். "ஆறும் கடைப் பொறுப்பு."

பிறகுதான் எழுந்தார். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழுந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவ்வளவு நேரம் திரும்பிப் பாராத ஆளின் முன்னால் போய் நின்றார். கம்பத்தின் முகத்தைப் பார்க்க அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்படி அவர் யாரையும் பார்த்துப் பழக்கமில்லை.

"நான் எழுதினது பொய்" என்றார். "தெரியாம எழுதினேன்னு சொல்லலாம். தெரிஞ்சுக்கப் பாக்கல, அதுதான் நெசம். என்னை மன்னிக்கணும்."

கம்பம் பதறிப்போனார். "ஐயா, பெரியவங்க நீங்க..."

"பெரியவங்கன்னா? சங்கத்துக்கு இன்னிக்கே வேற கடுதாசி எழுதறேன். நானே கொண்டு போய் ஒட்டறேன். உங்களை வேணாம்னு சொன்ன ரெண்டு எடத்துக்கும் நானே போய்ச் சொல்றேன். உங்க சின்னப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கும் வரணும்னா வர்றேன்."

"பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வேணாம் ஐயா" என்றார் கம்பம். சிறிது யோசித்தார். "அவளே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுவா. அவளுக்கு ஸ்பீக்கரே வேணாம்."

தோட்டத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பெரியவர் சிரிக்கவில்லை. சிரிக்கும்படி எதுவும் அவருக்கு இன்னும் எட்டவில்லை.

"எனக்கு ஒண்ணுதான்" என்றார் தோட்டத்தம்மா, பையை எடுத்துக்கொண்டே. "புதுப் பெட்டி வரும்போது திறந்து பாத்துட்டு மாட்டுங்க. முத்திரை கிழிஞ்சா கிழியட்டும்."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார்.

"பாத்துட்டுத்தான் மாட்டுவாங்க" என்றார் பெரியவர். "அதுக்குன்னு ஒரு லைன் ஆம்ப்ளிஃபயர் வாங்கறோம். மீட்டரும் வாங்கறோம்."

அவர்கள் போன பிறகு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நாற்காலி தள்ளிவிட்ட இடத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை அதை இழுத்து மேசையருகே போட்டார்.

"உக்காருங்க மாமா."

"சொன்னதைக் கேட்டீங்கல்ல? எந்தக் கை விட்டுச்சோ அந்தக் கைன்னு சொன்னேன். அஞ்சு பேர் கேட்டாங்க."

"அது என்னை நெனச்சுச் சொன்னது மாமா."

"ஆமா. உங்களை நெனச்சுத்தான் சொன்னேன். அதனாலதான் அந்த வார்த்தை இன்னும் கெட்டியா நிக்கணும்."

"அப்பா, வாய் தவறி வந்த வார்த்தை" என்றாள் மகள். "யாரு வந்து கேக்கப் போறா?"

"யாராவது வந்து கேட்டாத்தான் வார்த்தையா?" பச்சை மைப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். முத்திரைத் தாள்கள் இருந்த டப்பாவை மகளிடம் கொடுத்தார். "இதுல என் பேர் அச்சடிச்சிருக்கு. வேற அடிச்சுக்கங்க. கேக்கறவர் கையெழுத்துதான் இருக்கணும். நான் முன்னாடி கல்லாவுல இருக்கேன். பேசறதுக்கு எனக்கு இன்னும் வாய் இருக்கு."

"மாமா, உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை மறுபடி.

அவர் கதவைத் திறந்துகொண்டு முன்கடைக்குப் போனார். அன்று மாலைக்குள் சங்கத்துச் சுவரில் பழைய கடிதத்தைக் கிழித்து எடுத்துப் புதியதை ஒட்டியது அவர்தான். பசை நன்றாகப் பிடிக்கும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார், அங்கே இருந்தவர்கள் படிக்கும்வரையும் நின்றார். நான்காம் நாள் தோட்டத்துக்குப் புதிய ஸ்பீக்கர்கள் போயின. மாப்பிள்ளையும் கம்பமும் சேர்ந்து பொருத்தினார்கள்.

கடைத்தெருவில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. ஸ்பீக்கர் கருகிய விவகாரத்தில் மருமகன் மாமனாரை மேசையை விட்டு எழுப்பி, கடையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார் என்கிறார்கள். அது பொய். அவரை யாரும் எழுப்பவில்லை. அவர் தானாக எழுந்தார். உட்காரும்படி மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டார். கடை இன்றும் பெரியவர் பெயரில்தான் இருக்கிறது.